சமாதானம் பேச ஆள் இல்லாத சண்டை

கழுகுமலைப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. அதே பாறையையொட்டி அய்யனார் கோயில், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்ற முருகன். இதை மட்டும் காட்டி நல்லிணக்கம் பேசினால் அது பாதி உண்மை.

மீதி 1895-இல் இருக்கிறது. அதே ஊரில், தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. வழக்காடியும் கிடைக்கவில்லை. பலர் கத்தோலிக்கர் ஆனார்கள். தேர் வரும் தெருவில் அவர்கள் போட்ட பந்தலைப் பற்றிய தகராறு, பங்குனித் திருவிழாவில் கலவரமாக வெடித்தது. எட்டயபுரம் ஜமீன் மேலாளர் உட்படப் பல உயிர்கள் போயின. கொடுமைதான். ஆனாலும் அந்தச் சண்டைக்கு ஒரு தெரு இருந்தது, ஒரு கோரிக்கை இருந்தது, எதிரெதிரே நின்றவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருந்தது.

இன்றும் திருவிழாத் தகராறு என்றால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். தாசில்தார் நடுவில் இருக்க, இரு தரப்பும் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். கைப்பேசி வழியாக வரும் பகைக்கு அப்படி உட்கார ஆளில்லை. எங்கோ எடுத்த வீடியோ கோவில்பட்டி இளைஞனின் திரைக்கு வருகிறது. அதை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது அல்காரிதம். எந்தப் பதிவு ஆளை அதிக நேரம் பிடித்து வைக்குமோ அதையே அது முன்னே தள்ளுகிறது. 2017-இல் ஃபேஸ்புக் தன் கணக்கில் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக்கின் மதிப்பு கொடுத்தது. 2020-இல்தான் அதைப் பூஜ்யமாக்கியது. 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்களால்தான் நமக்கு இது தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு மதத்தார் நிதானமாகப் பேசிக்கொள்ளும் பதிவு, ஆளைப் பிடித்து வைக்கும் இந்தக் கணக்கில் தேறவே தேறாது.

இதற்கு விலை என்ன என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் அந்தக் கலவரத்தில் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020-இல், இரண்டு ஆண்டு கழித்து.

‘பார்க்கிறவன் யோசித்துப் பார்க்கட்டும்’ என்று பொறுப்பைப் பயனர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய சமூக ஊடக நிறுவனங்களை இந்தியாவிலேயே குறைதீர் அலுவலர் வைக்கச் சொல்கின்றன. அது போதாது. தமிழ்ப் பதிவுகளைப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த நிறுவனங்கள் வெளியிட வேண்டும். பதற்றமான நாட்களில், ஆட்சியர் அழைத்தால் அன்றே பதில் சொல்லும் அதிகாரத்தோடு அவற்றின் சார்பில் ஒருவர் அந்தச் சமாதானக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.