பிறை பார்ப்பதும் கிளவுட் சர்வருக்காகக் காத்திருப்பதும்



நமது மதரஸாவின் இணையவழித் தேர்வு சென்ற பருவத்தில் முக்கால் மணி நேரம் தாமதமானதைப் பெற்றோர் அறிவர். பிள்ளைகள் அலைபேசியுடன் காத்திருக்க, திரையில் பிழைச் செய்தியே வந்தது. ஏற்பாட்டைச் செய்தவர் நம்மிடம் ஓதி, இன்று மென்பொருள் துறையில் பணியாற்றும் மாணவர். ஊதியம் பெறாமல் உழைத்த அவரைச் சிலர் கடிந்துகொண்டனர். நடந்ததை அவரிடமே கேட்டறிந்தோம்.

செலவைக் குறைக்க, தேர்வு நாளில் மட்டும் கிளவுடில் சர்வரும் டேட்டாபேஸும் தாமாக உருவாகும்படி அவர் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். உருவாக்க ஆணையிட்டதும் உடனே மறுமொழி வந்துவிடும். அது கோரிக்கை ஏற்கப்பட்டதற்கான ஒப்புதலே அன்றி, டேட்டாபேஸ் தயார் என்பதற்கன்று. ஆகவே ஸ்கிரிப்ட் 10 நிமிடம் காத்திருந்து அடுத்த வேலையைத் தொடங்கும். ஒத்திகையில் அது போதுமானதாக இருந்தது. தேர்வு நாளில் போதவில்லை.

காத்திருப்பை 20 நிமிடமாக்கினால் தீருமா? தீராது என்பதே நமது கருத்து. விரைவில் தயாராகும் நாளில் நேரம் வீணாகும். மேலும் தாமதமாகும் நாளில் மீண்டும் பிழை வரும். நிமிடத்தை எண்ணுவதை விட்டு நிலையைக் கேட்க வேண்டும். அமேசான் கிளவுடின் கட்டளைக் கருவியில் இதற்கென்றே 'வெயிட்' கட்டளை உண்டு. டேட்டாபேஸ் தயாரா என 30 வினாடிக்கு ஒருமுறை கேட்கும். 60 முறை கேட்டும் தயாராகவில்லை எனில் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். சர்வர் 'இயங்குகிறது' என்று காட்டிய பின்னரும் அதன் சோதனைகள் முடியாமல் இருக்கலாம். அதையும் தனியே கேட்டறிய வேண்டும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. 29ஆம் நாள் மாலை பிறை பார்க்கிறோம். தென்பட்டால் புதிய மாதம். தென்படாவிட்டால் 30ஐப் பூர்த்தி செய்கிறோம். பார்த்து உறுதி செய்வதும் உண்டு, காத்திருப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு: அங்கே எல்லை வந்ததும் மாதம் பிறக்கிறது; இங்கே எல்லை வந்ததும் வேலையை நிறுத்தி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லையின்றிக் காத்திருக்கும் ஸ்கிரிப்டால் கட்டணம் ஏறும்; கோளாறும் எவருக்கும் தெரியாமல் போகும்.

நமது குறையையும் ஒப்புக்கொள்கிறோம். காலை 9 மணிக்குத் தேர்வு என்று அறிவித்துவிட்டு, எல்லாம் தயாரா என ஒருமுறையேனும் அம்மாணவரிடம் கேட்டோமில்லை. கடிகாரத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அமர்த்தினோம். ஸ்கிரிப்ட் செய்த பிழையும் இதுவே. எனவே அவரை மட்டும் கடிந்துகொள்வது நீதியாகாது.

பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டு நாழிகையைக் கடத்துவதன்று. விசாரித்தபடி காத்திருப்பதும், ஆகாதபோது மறைக்காமல் சொல்வதும் அதில் அடங்கும். இத்துறையில் பணியாற்றும் நம் பிள்ளைகள் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். அவர்களிடம் வேலை வாங்கும் நாமும் கடைப்பிடிக்க வேண்டும்.

அம்மாணவர் ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டார். இன்ஷா அல்லாஹ், அடுத்த தேர்வில் 'தயார்' என்ற மறுமொழி வந்த பின்னரே பெற்றோருக்கு இணைப்பை அனுப்புவோம்.