இனிஷியல் இல்லாத ரீசெட்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொட்டி தட்டுற பதிவு. புரோகிராமிங்னாலே அலர்ஜி என்பவர்கள் இப்படியே எஸ்கேப் ஆகிடுங்க :-)

பள்ளிக்கூடத்தில் எங்க கிளாஸ்ல ரெண்டு செந்தில். வாத்தியார் "செந்தில்" என்றால் ரெண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். அப்புறம் கே.செந்தில், ஆர்.செந்தில் என்று இனிஷியலோடு கூப்பிட ஆரம்பித்தார். சி++ செய்வதும் இதேதான். ரெண்டு அப்பா கிளாஸிலும் ஒரே பெயரில் மெத்தட் இருந்து, நீங்க வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "எந்த செந்தில்?" என்று கம்பைலர் நின்றுவிடும். அப்பா பேரைச் சேர்த்துச் சொல்லணும். ஆர்க்யுமென்ட் வேற வேறயா இருந்தாலும் விடாது.

1996-ல் வந்த ஜாவா, ஒரு கிளாஸுக்கு ஒரே அப்பாதான் என்று தப்பித்துக்கொண்டது. 2014-ல் ஜாவா 8 இன்டர்ஃபேஸுக்குள் டீஃபால்ட் மெத்தடை விட்டதும் அதே தகராறு உள்ளே வந்தது. ஆனால் அங்கேயும், "எது வேணும்னு நீயே எழுது" என்று கம்பைலர் அடம் பிடிக்கும்.

பைத்தான் மட்டும் கேள்வியே கேட்காது. 2003-ல் வந்த 2.3-லிருந்து சி3 என்ற வரிசை முறை. சுருக்கமா சொன்னா, சம்பந்தமில்லாத ரெண்டு அப்பாக்களில் இடது பக்கம் எழுதியவர் ஜெயிப்பார். ரொம்ப வசதி இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர். கவுன்ட்டர் கிளாஸுக்கு பிரிண்டர், கேஷ்பாக்ஸ் என்று ரெண்டு அப்பா. ரெண்டிலும் 'ரீசெட்'. பேப்பர் ரோல் மாற்றினால் பிரிண்டரின் ரீசெட் ஓடணும். கேஷ்பாக்ஸின் ரீசெட், அன்றைய வசூல் கணக்கைப் பூஜ்யமாக்கும். கோடு அழகா இருக்கட்டுமே என்று நான் அப்பாக்களை ஆங்கில அகர வரிசையில் அடுக்கினேன். கேஷ்பாக்ஸ் முன்னாடி வந்துவிட்டது. ஒரு எர்ரர் இல்லை, ஒரு வார்னிங் இல்லை.

ராத்திரி கணக்கு பார்த்தால் கல்லாவில் பணம் அதிகம், கம்ப்யூட்டரில் குறைவு. பையன் பில்லை அழிக்கிறான் என்று ஓனர் முடிவு கட்டிவிட்டார். நாலு நாள் அவனைக் கல்லாப் பக்கமே விடவில்லை.

பைத்தான் ரசிகர்கள் சண்டைக்கு வருவீங்க, தெரியும். ரெண்டு மெத்தடும் ஒரே வேலையைச் செய்தால் சூப்பர் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது அழகுதான், ஒத்துக்கறேன். ஆனால் பேர் ஒன்று, வேலை வேறு என்றால் எந்த வரிசையும் சரியான பதில் சொல்லாது. அதை மனுஷன்தான் சொல்லணும். அதனால் என் ஓட்டு, கத்துகிற கம்பைலருக்கே. ஐஃபல் மொழி இன்னும் ஒரு படி மேலே போய், வாரிசாக வரும்போதே பேரை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

கடைசியில் நான் செய்தது ரொம்ப சிம்பிள். கவுன்ட்டர் என்ன பிரிண்டருக்குப் பிள்ளையா? இல்லையே, அதனிடம் ஒரு பிரிண்டர் இருக்கு, ஒரு கேஷ்பாக்ஸ் இருக்கு, அவ்வளவுதான். இன்ஹெரிட்டன்ஸைத் தூக்கிவிட்டு ரெண்டையும் உள்ளே வைத்தேன். இப்போ யாருடைய ரீசெட் என்று சொல்லாமல் கூப்பிடவே முடியாது.

ஓனரிடம் போய், தப்பு என்னோடது என்று சொன்னேன். பையனிடமும் சொன்னேன். "பரவால்லண்ணே" என்றான். எனக்குத்தான் பரவாயில்லாமல் இல்லை.