கதம்பம் என்று வைதவர்களுக்கு

சங்கப் பாடல்கள் சிலவற்றை அவை பாடும் நிலத்திலேயே இருந்து வாசித்துப் பார்ப்பது என்ற ஆசையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எங்களில் ஐவர் கொல்லிமலை ஏறினோம். வாசிப்பு நடந்தது, அதைவிட அதிகமாகச் சண்டை நடந்தது. சண்டைக்குக் காரணம் ஓரியும் அல்ல, வன்பரணரும் அல்லர். செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு தேநீர்க் கடையின் பலகையில், மிளகு மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்த பழைய வானொலிப் பெட்டிதான்.

மழைக்கு ஒதுங்கிய எங்களுக்கு அன்று மாலை அந்தப் பெட்டி ஒரு கலவை இசை நிகழ்ச்சியை அளித்தது. முதலில் நாகசுரத்தில் தோடி. அடுத்து ஐம்பதுகளின் திரைப்பாடல் ஒன்று. பிறகு பெண்கள் சிலர் பாடிய நடவுப் பாட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வங்காளத்துப் பாவுல் இசை. நடவுப் பாட்டு முடிவதற்குள் எங்களில் மூத்த நண்பர் வெகுண்டெழுந்தார். "தோடியை வாசித்துவிட்டு அதன் ஈரம் காய்வதற்குள் சினிமாவா? இது நிகழ்ச்சி அல்ல, கதம்பச் சோறு" என்றார். அவருக்கு நேரெதிர் ரசனை கொண்ட இன்னொரு நண்பர் விடவில்லை: "தோடியைப் போட்டதுதான் தப்பு. கேட்கிறவனுக்குத் திரைப்பாட்டு வேண்டும். வித்வானுக்குத் தனி நிலையம் வையுங்கள், எங்களை விட்டுவிடுங்கள்." கடைக்காரர் இருவரையும் பொருட்படுத்தவில்லை. தோடிக்கு ஒலியைக் குறைத்தார், திரைப்பாட்டுக்குக் கூட்டினார், நடவுப் பாட்டின்போது பாலைக் காய்ச்சிக்கொண்டே வாயசைத்தார், பாவுலுக்கு மறுபடி குறைத்தார். அவருடைய ரசனையும் ரசனைதான் என்பது விவாதத்தில் இருந்த இருவருக்கும் தோன்றவில்லை.

இரு நண்பர்களும் ஒருவரையொருவர் எதிரியாக நினைத்தாலும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பது எங்கள் குற்றச்சாட்டு. பிரித்து வை என்பதே இருவரின் கோரிக்கையும். ஒருவர் தூய்மையின் பெயரால் கேட்கிறார், மற்றவர் விருப்பத்தின் பெயரால் கேட்கிறார்.

தூய்மைக் கட்சிக்கு இந்திய வானொலியில் நீண்ட வரலாறு உண்டு, தோற்ற வரலாறு. டெல்லி நிலையத்தில் மேனாட்டு இசைக்குப் பொறுப்பாளராக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர், ஆர்மோனியத்தின் சுருதி நம் இசைக்குக் கேடு என்று 1938இல் எழுதினார். தாகூருக்கும் அந்தப் பெட்டி ஆகாது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. தடை தளர 1971 ஆயிற்று. முப்பது ஆண்டுகள்! கமகத்துக்கு ஆர்மோனியம் முழுதாக ஈடுகொடுக்காது என்பதை நாங்களும் ஒப்புகிறோம். ஆனால் கிட்டப்பாவின் குரலோடு அவருடைய சகோதரர் காசி ஐயரின் ஆர்மோனியம் ஓடிப்பிடித்து விளையாடிய ஒரு நாட்டில், இசை நாடக மேடை முழுவதும் அந்தப் பெட்டியின் மீதே எழுந்து நின்ற ஒரு மொழியில், அத்தடையின் பொருள் என்ன? ஒரு பெரும் இசை மரபு தன் உயிர்க் கருவியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்பதுதானே?

அடுத்தவர் பி.வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சர். அவரை வெறும் கோமாளியாகச் சித்திரிப்பது இன்று எளிது, அது நியாயமன்று. சமஸ்தானங்கள் போன பிறகு வித்வான்களுக்குச் சோறு போட்டது வானொலி. தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். ஆனால் திரைப்பாடலை ஒடுக்கினால் மக்கள் ரசனை தானாக உயரும் என்று அவர் நம்பினார். மக்கள் ரசனையை உயர்த்தவில்லை, பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி காத்திருந்தது. இந்தியில் அமீன் சயானியின் கீத்மாலா 1952இன் இறுதியில் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி தன் தோல்வியை ஒப்புக்கொண்டது.

தமிழில் இலங்கை வானொலி செய்தது இன்னும் பெரிது. மயில்வாகனனும், கே.எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும் பேசிய தமிழைக் கேட்பதற்காகவே பெட்டியைத் திறந்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே உண்டு. சென்னைத் திரைப்பாடலோடு, நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய ஈழத்துப் பொப்பிசையும் எழுபதுகளில் எங்களுக்குக் கொழும்பு வழியாகவே வந்து சேர்ந்தது. பைலாத் தாளத்தில் தமிழ் ஆடும் என்பதை எந்தச் சபாவும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் மூத்த நண்பரும் அந்தப் பாடல்களுக்குத் தம் கல்லூரிக் காலத்தில் ஆடியவர்தான். அதை அவரே ஒருமுறை சொன்னார் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இனி விருப்பக் கட்சி. இது இன்று வென்றுகொண்டிருக்கும் கட்சி. அவரவர் கைப்பேசியில் அவரவர் பாட்டு; நேற்று கேட்டதைப் போன்றதையே இன்றும் எடுத்துக் கொடுக்கும் செயலி. தனியார் பண்பலைகளின் பெரும்பகுதி திரைப்பாடலையே நாள் முழுக்கச் சுற்றுகிறது. அவற்றிலும் சில நூறு பாடல்கள்தாம் மீண்டும் மீண்டும் வருகின்றன என்று தோன்றுகிறது. இதற்குப் பெயர் கேட்பவன் சுதந்திரம். நேயர் விருப்பம் என்பது ஒரு காலத்தில் அஞ்சலட்டை எழுதிப் போட்டு, ஊர் ஊராகப் பெயர்கள் வாசிக்கப்படுவதைப் பொறுமையாகக் கேட்டு, பிறருடைய விருப்பங்கள் பத்தைக் கடந்து தன் விருப்பத்துக்கு வந்து சேர்வதாக இருந்தது. அந்தப் பத்தில்தான் நாம் ஒன்றைக் கற்றோம். நமக்குப் பிடிக்காத பாட்டு ஒன்று யாரோ ஒருவருக்கு உயிராக இருக்கிறது என்பதை அறிவித்த இடம் அது. செயலியில் அந்தப் பத்தும் இல்லை.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. பிபிசியில் ஜான் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை, பங்க் இசைக்குப் பக்கத்தில் ரெகேயையும் ஜிம்பாப்வே கிதாரையும் கூச்சமில்லாமல் வைத்தார். அதே நிறுவனத்தின் மூன்றாம் வானொலியில் 1999இல் தொடங்கிய லேட் ஜங்ஷன், எந்தப் பெட்டியிலும் அடங்காத இசைக்கென்றே இருந்த இரவு நிகழ்ச்சி. 2019இல் அதை வாரம் மூன்று இரவிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். இசைக்கலைஞர்கள் திரண்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அப்படி ஒரு நிகழ்ச்சி நம்மிடம் குறைக்கப்பட்டால் கடிதம் எழுத எத்தனை பேர் இருப்போம்? எங்கள் ஐவரில் இருவர் கையெழுத்திட மாட்டார்கள் என்பது செம்மேட்டில் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூத்த நண்பரின் கோபத்தில் ஓர் உண்மை இருந்ததை மறைப்பது நேர்மையாகாது. கலவை நிகழ்ச்சிகளில் பல மோசமானவை. ஆனால் அந்த மோசம் கலப்பதில் இல்லை என்கிறோம். அன்று ஒலித்த அறிவிப்புகளை நினைவுபடுத்திப் பார்த்தோம். தோடிக்கு முன் வித்வான் பெயர், தவில் யார், ராகம், தாளம் எல்லாம் சொல்லப்பட்டன. திரைப்பாடலுக்குப் படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று நான்கும் வந்தன. நடவுப் பாட்டுக்கு? "அடுத்து ஒரு கிராமியப் பாடல்." முடிந்தது. எந்த ஊர்ப் பெண்கள், முன்பாட்டு யார், எந்தப் பருவத்தில் பாடுவது, ஒன்றுமில்லை. பாவுலுக்கும் "வங்காள நாட்டுப்புற இசை" என்பதோடு சரி. நான்கு விருந்தினரை ஒரே பந்தியில் உட்கார வைத்து, இருவரைப் பெயர் சொல்லி அழைத்து, மற்ற இருவருக்கு "யாரோ வந்திருக்கிறார்கள், இலை போடுங்கள்" என்பது போன்றது இது. கதம்பச் சோறு என்று நண்பர் கோபித்தார்; பரிமாறியவர் மீது வரவேண்டிய கோபம் அது, சோற்றின் மீது வந்துவிட்டது.

பெயர் சொல்வது சிறிய சங்கதி என்று நினைப்பவர்கள் 'மஹல்' திரைப்படத்தை நினைவுகொள்ளலாம். 1949இல் அதன் இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது கதாபாத்திரத்தின் பெயர்: காமினி. பாட்டு வானொலியில் ஒலித்ததும், யார் பாடியது என்று நேயர்கள் கேட்டுத் துளைத்தார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் காற்றில் ஏறியது. கேஸ்கர் காலச் சண்டையிலும் ஒரு கண்ணி இதுதான்: படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் என்று வானொலி நிறுத்தியது, தயாரிப்பாளர்கள் வெகுண்டு பாடல் உரிமையையே திரும்பப் பெற்றார்கள். வல்லவர்களுக்குப் பெயரின் விலை தெரிந்திருந்தது. நாற்று நடும் பெண்ணுக்காக உரிமையைத் திரும்பப் பெற எந்தத் தயாரிப்பாளர் இருக்கிறார்? பெயர் சொல்லப்பட்டால் அடுத்த அழைப்பு வரும், ஊதியம் வரும், ஊரில் ஒரு மதிப்பு வரும். சொல்லப்படாவிட்டால் அவள் குரல் இரண்டு திரைப்பாடல்களுக்கு இடையே சந்து நிரப்பும் மண்.

இதைக் கொல்லிமலையில் வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. புறநானூற்றின் 152ஆம் பாடலை அன்று காலைதான் வாசித்திருந்தோம். வேட்டையாடும் ஒருவனைக் காட்டில் காண்கிறது பாணர் கூட்டம். அவன் யாரென்று உறுதியாகத் தெரியாது. ஓரியாக இருக்குமோ என்று ஐயம். தலைவன் விறலியை அழைத்து, கருவிகளை ஆயத்தப்படுத்தச் சொல்கிறான். வன்பரணர் அங்கே "வாத்தியங்கள்" என்று சொல்லிக் கடந்துவிடவில்லை. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார். ஒவ்வொன்றையும் என்ன செய்ய வேண்டும் என்பதும் வருகிறது. தோலும் நரம்பும் துளையும் சேர்ந்த கலவைதான் அது. யாழுக்குத் தனி நிலையம் வை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவனோ தன் புகழைக் கேட்டு நாணியவன். ஆறு கருவிகளின் பெயரும் நிலைத்திருக்கின்றன, அவற்றின் ஒலிதான் இன்று நம்மிடம் இல்லை. இன்றைய வானொலியில் அது தலைகீழ்: ஒலி இருக்கிறது, பெயரைத் தொலைக்கிறோம்.

அதே மலையில் இன்று வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், தமிழே பேசுபவர்கள்) சாமையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள், மிளகும் காப்பியும் பயிரிடுபவர்கள். அவர்களுடைய கொண்டாட்டப் பாட்டும் சாவுப் பாட்டும் எந்த நிலையத்தில் எத்தனை முறை, யார் பெயரோடு ஒலிக்கின்றன? இதில் அலைவரிசையின் குறும்பும் சேர்ந்துகொள்கிறது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் பாய்வது. மலையின் விளிம்பில் நின்றால் நாலா திசை நிலையங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். உள்பள்ளத்து ஊருக்குள் நடந்தால் வெறும் இரைச்சல். மத்திய அலைதான் தரையோடு தவழ்ந்து ஓரளவு உள்ளே வரும். அந்த மத்திய அலை ஒலிபரப்பிகளில் பலவற்றை அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் மூடி வருகிறார்கள். செயலியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். செயலிக்குக் கோபுரம் வேண்டும். நாங்கள் தங்கிய வீட்டில் கைப்பேசியை முற்றத்துச் சுவரின் ஒரு குறிப்பிட்ட மூலையில் வைத்தால்தான் உயிர் வந்தது.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். திருச்சி, தருமபுரி போன்ற நிலையங்கள் கலவை நிகழ்ச்சியைக் கைவிடாமல் நீட்டட்டும். மலைப் பாட்டை வேளாண் நிகழ்ச்சியின் வாலில் கட்டாமல் தோடிக்குப் பக்கத்தில் வைக்கட்டும். வைக்கும்போது முன்பாட்டுக்காரியின் பெயரையும், ஊரின் பெயரையும், தாளம் தட்டியவரின் பெயரையும் வித்வானுக்குச் சொல்வது போலவே சொல்லட்டும். பாவுல் பாடகருக்கும் அப்படியே. எங்கள் மூத்த நண்பர் தோடி முடிந்ததும் எழுந்து போகலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் உரிமைதான் இல்லை.

இதை எழுதி முடித்து நண்பர் இருவருக்கும் படித்துக் காட்டினோம். திரைப்பாடல் நண்பர், பாவுல் மட்டும் வேண்டாம் என்று பேரம் பேசினார். மூத்தவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்றைய நடவுப் பாட்டில் இரண்டாவதாக எடுத்துக் கொடுத்த அந்தக் கனத்த குரல் யாருடையது, விசாரிக்க வழியுண்டா என்று கேட்டார். நிலையத்துக்கு எழுதியிருக்கிறோம்.