வேர்வை சிந்துறவனுக்கு உப்பு வேணும், கலர் தண்ணி வேணாம்

எங்க ஊர்ல விடியக்காலம் ஏரிக்கரை மேல பசங்க ஓடுறானுங்க. போலீஸ் வேலைக்குத் தயாராகுறாங்க, நல்ல விஷயம். ஓடி முடிச்சதும் நேரா பெட்டிக்கடை. ஆளுக்கொரு கலர் தண்ணி. அதுதான் எனக்குப் பிடிக்கல.

போன சித்திரையில என் தம்பி மகன் ரெண்டு மணி நேரம் ஓடிட்டு வந்து திண்ணையில சாஞ்சுட்டான். தலை சுத்துதாம், வாந்தி வருதாம். வெறும் தண்ணியாவே குடிச்சிருக்கான். உப்புப் போட்ட மோரை நீட்டினா, "உப்பு கெடுதல் பெரியப்பா" என்கிறான்.

யாருக்குடா கெடுதல்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது சரிதான். ஊறுகாயும் சிப்ஸுமா தின்னுட்டு உக்காந்திருக்கிறவன் அதைக் கேட்டே ஆகணும். ஆனா வெயில்ல மணிக்கணக்கா வேர்க்கிறவன் சட்டையில வெள்ளையா பூக்குதே, அது என்ன? உப்புதானே! போன உப்பை விட்டுட்டுத் தண்ணியை மட்டும் மேல மேல ஊத்தினா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். ரொம்ப இறங்கினா வலிப்பு வரும், உசுருக்கே ஆபத்து.

அதுக்குக் கலர் தண்ணி மருந்தில்லை. உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசல்ல ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து போனாத்தான் குடல் தண்ணியை நல்லா இழுக்கும். சர்க்கரை எக்கச்சக்கமா போனா வயித்துப்போக்குதான் கூடும். சர்க்கரைத் தண்ணிக்கெல்லாம் ஓ.ஆர்.எஸ்.னு பேர் வச்சு வித்தாங்க. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருசம் போராடினாங்க. 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு.

நடவுக்கு வர்ற பொம்பளைங்க தூக்குவாளியில நீராகாரம் கொண்டு வருவாங்க. உப்புக்கல்லு ரெண்டு, கடிச்சுக்க வெங்காயம். யாரும் அவங்களுக்குப் பாடம் எடுக்கல.

அரை மணி நேரம் நடக்கிறவருக்குத் தனியா உப்பு வேண்டாம், தாகத்துக்குத் தண்ணி போதும். பிரஷர், கிட்னி கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. மத்தபடி, ஓடுற புள்ளைங்களைப் பெத்தவங்களே, காலையில ஒரு சொம்பு உப்பு மோர் கரைச்சு வைங்க. பெட்டிக்கடைக்குப் போற காசு உண்டியல்ல கிடக்கட்டும்.