‘உனக்குத்தான் ஏற்கெனவே வீசிங் இருக்கே!’ - இழப்பீட்டை மறுக்க இந்த ஒரு வரி போதுமா?

யானைக்கவுனி லாரி புக்கிங் ஆபீஸில் மூட்டை தூக்குபவர், எண்ணூரில் நிலக்கரி லாரி ஓட்டுபவர்... உடம்பு முடியாமப் போய் இழப்பீடு கேட்டா, முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: ‘உனக்கு முன்னாடியே இருந்துச்சே, சிகரெட் வேற பிடிப்பியே!’ பலர் அங்கேயே திரும்பிடுறாங்க.

திரும்ப வேண்டியதில்லை. டெல்லியிலிருந்து ஆயிரம் கி.மீ-க்கு மேல் லாரி ஓட்டிய டிரைவர் ஒருவர், வழியில் உடம்பு முடியாமல் வண்டியை நிறுத்தினார், இறந்துபோனார். ‘இது விபத்தே இல்லை’ என்றது இன்ஷூரன்ஸ் தரப்பு. வேலையின் அழுத்தமும் ஒரு காரணம்தான் என்று 2012 டிசம்பரில் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதே நீதிமன்றம் 2006-ல், வேலை நேரத்தில் ஹார்ட் அட்டாக் வந்தது மட்டும் போதாது, வேலைக்கும் மரணத்துக்கும் தொடர்பைக் காட்டணும் என்றும் சொல்லியிருக்கு. ஆக, பழைய நோயா என்பதைவிட, வேலை அதை மோசமாக்குச்சா என்பதுதான் கேள்வி.

சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ், இரைச்சலால் காது கேட்காமல் போவது போன்றவை சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கு. அந்த வேலையைத் தேவையான காலம் செய்திருந்தால், ‘வேலையால் வரலை’ என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. பட்டியலில் இல்லாத நோய் என்றால் சுமை நம்ம தலையில. உழைக்கிறவருக்கு இது அநியாயமான பிரிவினைதான்.

துறைமுகத்தையே பாருங்க. தூசு காரணமாக, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. சரக்கு எண்ணூருக்குப் போச்சு. ராயபுரத்து வீடுகளுக்கு நிம்மதி. தூசைச் சுவாசிக்கிற ஆள் மாறினார், அவ்வளவுதான்.

அதனால் பேப்பர் சேர்க்கணும். ஸ்டான்லியில் ஓ.பி சீட்டு போடும்போதே, என்ன வேலை, என்ன தூசு, எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைங்க. ட்ரிப் ஷீட், மேஸ்திரி அனுப்பிய ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எதையும் டெலிட் பண்ணாதீங்க. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும், அவரை அமர்த்திய பெரிய கம்பெனியிடமே கேட்கலாம். இ.எஸ்.ஐ இருந்தால் கோரிக்கை அங்கே போகணும்.

1923-ம் ஆண்டுச் சட்டம் இப்போது, 2025 நவம்பர் 21-ல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கெடு பழையதுதான்: 2 வருஷம்.