யார் கூலியில் இந்தப் பாடம்?

எங்கள் சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலைப் பற்றிப் பேசுகிற பெரிய மனிதர்களிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு யார் தொழில் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். “பக்கத்திலே இருக்கிறவங்களைப் பாத்துக் கத்துக்கிடுவாங்க” என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஆசிரியர், தொழிற்சாலையே பள்ளிக்கூடம்!

அந்தக் கல்வியை நான் பழிக்கவில்லை. இரும்புச் சாமானை மருந்துக்குப் பக்கத்தில் கொண்டு போகாதே. மருந்தை அழுத்தித் தேய்க்காதே. மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காதே, ஈரம் பட்டால் அலுமினியத் தூள் கலந்த மருந்து தானே சூடேறும். சுவரில் ஒட்டிய அறிவிப்பு இதையெல்லாம் சொல்வதைவிட, பத்து வருஷம் வேலை பார்த்த ஓர் அக்காள் சொன்னால்தான் புதியவள் மனசில் தைக்கும்.

ஆனால், அந்த அக்காள் எண்ணிக்கைக் கூலிக்காரியாக இருந்தால்? பாடம் சொல்ல அவள் கை நின்றால் வருமானமும் நிற்கிறது. கற்கிறவளோ கை பழகும் வரை அரைக்கூலிக்காரி. ஆக, முதலாளிக்குத் தேர்ந்த ஆளைத் தயாரிக்கும் செலவை இரண்டு ஏழைகள் தங்கள் உலையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் தோழமையாம்!

அவசரத்தில் இருப்பவள் எதைச் சொல்லித் தருவாள்? வேகத்தைத்தான். விதியோடு சேர்ந்து குறுக்குவழியும் கைமாறும். குற்றம் அவளுடையதல்ல, எண்ணிக்கைக் கூலி வகுத்த பாடத்திட்டம் அது.

தேர்வு பெற்ற போர்மேன் இருக்கிறாரே என்பீர்கள். அவர் ஒருவர், கைகளோ பல. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. கலவைக் கணக்கே மாறுகிறபோது பழைய அனுபவம் மட்டும் போதுமா? அக்காளுக்கும் ஒரு வாத்தியார் வேண்டும்.

1922-ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் தங்கிக் கற்றுத் திரும்பினார்கள். தொழில் கற்கக் காலம் வேண்டும் என்பது அந்த முன்னோடிகளுக்குத் தெரிந்திருந்தது. தொழில் நடத்துகிறவனுக்கு மாதங்கள் வேண்டும், மருந்தைத் தொடுகிறவளுக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாமா?

2021 பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்து வெடி விபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குக் காரணம் இன்னதென்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஒரு தவறுக்கு இத்தனை உயிரைக் கேட்கிற தொழிலில், பாதுகாப்பை வாய்ப்பேச்சுக்கு விட்டுவைப்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

நான் கேட்பது தர்மம் அல்ல. வாரம் ஒரு மணி நேரம். மருந்து இல்லாத இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், மணலையும் வெறும் குழாயையும் வைத்துக்கொண்டு அக்காள் சொல்லித் தரட்டும்; புதியவள் பயமில்லாமல் கேள்வி கேட்கட்டும். அந்த நேரத்துக்கு இருவருக்கும் கூலி விழட்டும்.

சொல்லித் தருவதும் வேலைதான், ஐயா. வேலை என்றால் கூலி உண்டு. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள், தோழமை என்ற நல்ல வார்த்தையையாவது விட்டுவையுங்கள்!