பதற்றத்துக்கான சிகிச்சை தமிழிலும் கிடைக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பதற்றத்தாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்படும் தமிழர்கள், வீட்டில் பேசும் தமிழிலேயே பயிற்சி பெற்ற ஒருவரிடம் உளவியல் சிகிச்சை பெற அரசாங்கக் கிளினிக்குகளில் வழி இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் சமூக நலப் பணியில் இருக்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுவே.

இப்போது ஏன் இதைச் சொல்கிறோம்?

சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு, 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2023-இல் அது 4.6 விழுக்காடானது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர். இளையோரிடையே 2022-இல் நடந்த ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. மனச்சோர்வு இருக்கும் இடத்தில் பதற்றமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

சட்டமும் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்துவந்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. தவிப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது என்று நாடே முடிவெடுத்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை எட்டும்படி செய்வதே அடுத்த வேலை.

நம்மிடையே பதற்றம் எப்படி வெளிப்படுகிறது?

“எனக்குப் பதற்ற நோய்” என்று சொல்லிக்கொண்டு யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு அடைக்குது, ராத்திரி தூக்கமே இல்லை என்றுதான் போகிறார்கள். இசிஜி எடுத்தால் இருதயத்தில் குறையில்லை. கேஸ்ட்ரிக் மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள்; சில நாளில் மறுபடியும் அதே படபடப்பு. பின்னணியில் பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலை இருக்கும், துறைமுகத்து இரவு ஷிப்ட் இருக்கும், ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடன் இருக்கும், எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளையைப் பற்றிய கவலை இருக்கும். இவை எதுவும் இசிஜி தாளில் தெரியாது.

சிகிச்சையில் என்ன நடக்கிறது?

ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டும்போது திடீரென மூச்சு முட்டிப்போன ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மறுபடியும் அப்படி வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தச் சாலையையே அவர் தவிர்க்கத் தொடங்குகிறார். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது. வேலைக்கே ஆபத்து வருகிறது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை அளிப்பவர், படபடப்பு வந்த நொடியில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்று முதலில் எழுதிவரச் சொல்வார். “செத்துவிடுவேன்” என்ற எண்ணமும் அட்ரினலின் கிளப்பும் இருதயத் துடிப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடுவதை ஓட்டுநரே தாளில் காண்பார். பிறகு ஞாயிறு காலை, கூட்டமில்லாத நேரத்தில் கிள்ளானிலிருந்து பத்து தீகா வரை ஓட்டிவிட்டுத் திரும்புவார். பயம் தானாகத் தணியும் என்பதை உடம்பு பழகிக்கொண்டதும் சுபாங் வரை; அதன்பின் வேலை நாளில், நெரிசலில். பொதுவான பதற்றக் கோளாறுக்கு இத்தகைய சிகிச்சை வழக்கமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் நடக்கும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

தமிழ் ஏன் அவசியம்?

இந்தச் சிகிச்சையின் கருவியே பேச்சுதான். கடையில் சாமான் வாங்கவும் அலுவலகத்தில் படிவம் நிரப்பவும் போதுமான மலாய், இருபது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போதாது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னால், கணவரின் குடியைப் பற்றியோ அடியைப் பற்றியோ ஒரு தாய் எப்படி வாய் திறப்பார்? தமிழ் பேசும் ஆட்கள் குறைவு என்ற பதில் உண்மைதான். அந்தக் குறை தானாகத் தீராது, ஆட்களைப் பயிற்றுவித்தால்தான் தீரும்.

எங்கள் கோரிக்கைகள்

1. சுகாதார அமைச்சு, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள கிளினிக்குகளிலும் மெந்தாரி சமூக மனநல மையங்களிலும் தமிழ் பேசும் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் நியமிக்க வேண்டும். அதுவரை, இரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்த வேண்டும். குடும்பத்தாரை, குறிப்பாகப் பிள்ளைகளை, அந்த இடத்தில் உட்காரவைக்கக் கூடாது.

2. பல்கலைக்கழகங்கள், உளவியல் மாணவர்கள் தமிழில் சிகிச்சை அளிக்க மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி தர வேண்டும்.

3. முதலாளிகள், சிகிச்சைக்குச் செல்லும் நேரத்தை மற்ற மருத்துவச் சந்திப்புகளைப் போலவே மதிக்க வேண்டும். காரணம் கேட்டுத் துருவக் கூடாது.

4. ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும், தவிப்பவரைச் சரியான இடத்துக்கு அனுப்பும் வாசல்களாக வேண்டும். பிரார்த்தனை தரும் ஆறுதலை நாங்கள் மதிக்கிறோம். விரதமும் பூஜையும் ஒருபக்கம் இருக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும். அங்குள்ள மனநல மருத்துவமனையை மனத்தில் வைத்து “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று பிள்ளைகளைக் கேலி செய்யும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் உதவி கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

நாங்கள் ஏற்காதவை

ஒரே வாரத்தில் பயத்தைப் போக்குகிறோம் என்று பணம் பறிப்பதை வன்மையாக எதிர்க்கிறோம். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்றே செய்யக்கூடியவை

அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கேயே மனநிலைப் பரிசோதனை கேட்கலாம். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள். தனியாரிடம் ஓர் அமர்வுக்கே நூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்பதால், முதல் படி இங்கே தொடங்குவது நல்லது. தனியாரிடம் செல்வோர், மனநல ஆலோசனைச் செலவுக்கு வருமான வரி விலக்கு உண்டு என்பதால் இரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகலாகக் காது கொடுக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எங்கள் பங்குக்கு, தனியே போகத் தயங்குபவரைக் கிளினிக் வரை துணைக்கு அழைத்துச் செல்வோம். அவர் சொன்னது எதுவும் எங்களிடமிருந்து வெளியே போகாது. மேற்கண்ட கோரிக்கைகளைச் சுகாதார அமைச்சிடமும் வட்டாரத்து நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் எழுத்து மூலம் சேர்ப்பிப்போம். தமிழில் சிகிச்சை கிடைக்கும் நாள் வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம்.